தவராசா அண்ணை கழற்றி எறிந்த சுருள்வில்

லா சப்பல் கடைத்தெருவில் முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டிருந்த கடைக்காரர்தான் சொன்னார்: “தவராசா அண்ணை மோசம் போயிட்டாராம். காலமை, இருந்த இருப்பிலையாம்.” நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வியும் வந்தது: “கறிவேப்பிலை போடவோ?” போடச் சொன்னேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நல்லதாக நாலு வரி எழுதித் தரும்படி அவருடைய மனைவி இராணி அக்கா கேட்டார். “அவர் உங்களிலை சரியான மரியாதை வைச்சிருந்தவர், தம்பி” என்றார். அந்த ஒரு வசனம் போதும், என்னைக் கொல்ல. அண்ணையை அறிந்தவர்களே, நல்லதாக எழுத எனக்கு யோக்கியதை இல்லை. நடந்ததை எழுதுகிறேன். அச்சிடுவதும் கிழிப்பதும் அக்காவின் விருப்பம்.

அண்ணை முப்பது வருடம் உணவகத்தில் கோப்பை கழுவியவர். பிரெஞ்சில் வணக்கமும் நன்றியும் தவிர வேறொன்றும் வராது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் திரான்சியில் அவருடைய மாடிக்குக் கீழே எங்கள் ஆட்களின் கார்கள் வரிசையாக நிற்கும். மாம்பழப் பெட்டி மட்டையை விரித்து, மல்லாந்து, காருக்குக் கீழே போவார். ஆடுவது, தொங்குவது, சத்தம் போடுவது எதுவானாலும் தொட்டுப் பார்த்துப் பெயர் சொல்லுவார். கூடவே ஏச்சும் விழும். “மேலை மினுக்கி வைச்சிருக்கிறியள். கீழை ஒருநாள் எண்டாலும் குனிஞ்சு பார்த்தனீங்களோ?” கடை முதலாளிமாரும் அந்த ஏச்சைச் சிரித்தபடி வாங்குவார்கள். கிழமையில் ஆறு நாள் யாரோ அவரை அதட்டினார்கள். அந்த ஒரு நாள் அவர் அதட்டினார்.

நான் யாரென்பதும் உங்களுக்குத் தெரியும். தேநீர்க் கடை மூலையில் இருந்து, உங்களுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்களை வாசித்துச் சொல்பவன். வதிவிட அனுமதிக் கடிதமென்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்ப்பீர்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கும்.

இருபது வயதான என் காரின் பின்பக்கத்தில், கீழே ஏதோ கடகடத்தது. அண்ணை உள்ளே போனார். வழக்கத்தைவிட நேரமெடுத்தது. “என்னண்ணை?” என்றேன். “பொறும்” என்றார். குனிந்து பார்த்தேன். பின் அச்சுக்குப் பக்கத்தில் ஒரு சுருள்வில், ஒரு முனை கழன்று தொங்கியது. அதைப் பிடித்தபடி முழித்துக்கொண்டு கிடந்தார். அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. சுற்றி ஆறேழு பேர் நின்றார்கள். வெளியே வந்து மட்டையை உதறினார். “உது சும்மா சாமான். பழைய கார்களுக்கு முந்திப் போட்டவங்கள். கழட்டி எறிஞ்சிட்டன்” என்றார். எங்கள் ஆட்களின் வியாதி இது. நாலு பேர் நம்பி நிற்கும்போது தெரியாது என்று சொல்ல நாக்கு வளையாது. நானும் சும்மா தலையாட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் மனைவி, பிள்ளைகள், அரிசி மூட்டைகளோடு பொபினிப் பக்கமாக வந்துகொண்டிருந்தேன். முன்னால் போன பேருந்து சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். கார் இழுத்துக்கொண்டு போய், ஒரு சாண் இடைவெளியில் நின்றது. சின்னவள் வீரிட்டுக் கத்தினாள். பரிசோதனை நிலையத்தில் காரை உயர்த்திப் பார்த்து ஒரு தாள் தந்தார்கள். பாரம் ஏற ஏறப் பின் பிரேக்குக்கு விசையைக் கூட்டிக் கொடுக்கும் உறுப்பு ஒன்று உண்டாம். அதன் சுருள்வில்லைத்தான் காணவில்லை.

கோபம் வந்தது நியாயம். அதன் பிறகு நான் செய்ததற்கு ஒரு நியாயமும் இல்லை. சனிக்கிழமை, தேநீர்க் கடை நிரம்பி வழிந்த நேரம். அண்ணையும் இருந்தார். அவருக்கு முன்னால் போய் நின்று, அந்தத் தாளை முதலில் பிரெஞ்சில், பிறகு தமிழில், சொல் சொல்லாக வாசித்தேன். “சும்மா சாமானோ அண்ணை? என்ரை பிள்ளையளைக் கொல்லப் பார்த்தனீங்கள்! தெரியாட்டிப் போய்க் கோப்பையைக் கழுவுங்கோவன்!” ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தீர்கள். “தாளை ஒருக்காத் தாரும்” என்று கையை நீட்டினார். “ஏன், வாசிக்கத் தெரியுமோ?” என்று கேட்டேன். கையை மடக்கிக்கொண்டார்.

இரண்டு கிழமை கழித்து வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பையில் சுருள்வில். “பழைய கார் உடைக்கிற இடமெல்லாம் தேடி எடுத்தனான். பூட்டி விடட்டே?” என்றார். கராஜில் பூட்டியாயிற்று என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். உள்ளே வாங்கோ என்றுகூடச் சொல்லவில்லை, பாவி.

பிறகு அவருடைய மாடிக்குக் கீழே ஒரு காரும் நிற்கவில்லை. ஒருநாள் லா சப்பலில் புகைக்குழாய் தொங்கிய காரோடு ஒருவர் அவரை மறித்தார். “அண்ணை, உதென்ன எண்டு ஒருக்காப் பாருங்கோவன்.” அது புகைக்குழாய் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அண்ணை எதிர்ப்பக்கம் நின்ற என்னைப் பார்த்தார். “எனக்குத் தெரியாது, தம்பி. வாசிக்கத் தெரிஞ்ச ஆக்களிட்டைக் கேளும்” என்று சொல்லிவிட்டு நடந்தார். எனக்கு உள்ளூரச் சந்தோசமாக இருந்தது.

அண்ணை சொன்ன அதே பொய்தான் என்னிடமும் இருக்கிறது. இராணி அக்காவுக்கும் உங்களுக்கும் இப்போது சொல்கிறேன். அந்தத் தாளில் இருந்த உறுப்பின் பெயரை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை. முழுத் தாளையும் முதல்நாள் மூத்த மகளிடம் கொடுத்து, சொல் சொல்லாகக் கேட்டுப் பாடமாக்கிக்கொண்டுதான் கடைக்கு வந்தேன்.