பேனா மூடியைக் கடிக்கிற சாண்ட்ரா

பேனா மூடியைப் பல்லில் கவ்விக்கொண்டுதான் சாண்ட்ரா சீல் எண்ணைப் படிப்பாள். கன்டெய்னர் கதவில் மாட்டியிருக்கும் சீலைத் துப்பட்டா நுனியால் துடைத்து, குனிந்து பார்த்து, கையிலிருக்கும் தாளோடு ஒப்பிட்டு, டிரைவருக்குத் தலையை மட்டும் ஆட்டுவாள். பேனா எழுதி முடிவதற்குள் அதன் மூடி சப்பையாகிவிடும். எண்ணூர் போகிற சாலையில், தூசியும் லாரிப் புகையுமாக இருக்கும் எங்கள் யார்டில் பதினோரு வருடமாக இதுதான் அவள் வேலை. நான் அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் கேட் பாஸ் அடிக்கிறவள். ராயபுரத்திலிருந்து இரண்டு பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில் வருகிறோம். “எயுதிக்கோக்கா, பேர மட்டும் மாத்திடு” என்று அவள் சொன்னதால் எழுதுகிறேன். மாற்றிவிட்டேன்.

வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்க மாட்டாள். காலையில் கொண்டுவரும் பாட்டில் சாயங்காலம் அப்படியே வீடு திரும்பும். பெண்கள் கழிப்பறை எடைமேடைக்குப் பின்னால், யார்டின் கடைசியில் இருக்கிறது. அதன் சாவி கேட்டில் செக்யூரிட்டி ஞானதுரை அண்ணனிடம். தொலைந்துவிடக் கூடாதென்று அதை ஒரு முழக் கட்டையில் கட்டி வைத்திருக்கிறார் அந்த நல்ல மனிதர். கட்டையைத் தூக்கிக்கொண்டு முப்பது டிரைவர்களைத் தாண்டிப் போக வேண்டும். நான் போய்விடுவேன், எனக்கென்ன. சாண்ட்ரா போக மாட்டாள். “வூட்டுக்குப் போய் பாத்துக்கலாங்க்கா. அடக்கிக்கினா அடங்கிடும்” என்பாள்.

வயது முப்பத்தைந்து. கல்யாணமாகி ஐந்து வருடம், பிள்ளை இல்லை. கணவன் மனைவி இருவருக்கும் எல்லாச் சோதனையும் எடுத்தாயிற்று, குறை எதுவும் இல்லை. வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் வந்தாயிற்று. போன ஜனவரியில் பார்த்த புது டாக்டரம்மாதான், சேரும்போது வலிக்கிறதா என்று முதன்முதலாகக் கேட்டார். அதுவரை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் போலும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். பிறகு வலிக்குப் பயந்து மாதக்கணக்கில் விலகியே படுத்திருக்கிறார்கள். அப்புறம் பிள்ளை எங்கிருந்து வரும்? ஆட்டோவில் இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

இடுப்புக்கூட்டின் அடித்தசைகளுக்குப் பயிற்சி தருகிறவரிடம் போகச் சொன்னார் டாக்டர். வருடக் கடைசி வரை பார்ப்போம், இல்லையென்றால் ஊசி, சோதனைக்குழாய் என்று அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்றும் சொல்லிவிட்டார். பயிற்சிக்கு இடம் கிடைக்கப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளை சாண்ட்ரா வீணாக்கவில்லை. போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, ஷேர் ஆட்டோவிலும் சீல் பார்க்கும்போதும் அடித்தசையை இறுக்கி இறுக்கிப் பழகினாள். இடம் கிடைத்ததும் துணைக்கு நானும் போனேன். வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக் கடைகளுக்கு மேல் மாடியில் ஒரு சின்ன அறை. பயிற்சியாளர் சுகிர்தம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பரிசோதித்துவிட்டுக் கையைத் துடைத்தபடி அவளோடு திரைக்கு வெளியே வந்தார்.

“யாரும்மா உங்கள இறுக்கச் சொன்னா?”

“போன்ல போட்ருந்தாங்கோ மேடம். ஒரு நாளிக்கு முன்னூறு. நான் கொஞ்சம் எச்சாவே செஞ்சிக்கினு இருந்தேன்.”

“ஏற்கெனவே கல்லு மாதிரி கெடக்கு. இதுல முன்னூறு வேறயா! உங்களுக்கு விடுறதுக்குத்தாம்மா பயிற்சி வேணும்.”

சாண்ட்ரா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “வுடறதுன்னா இன்னா மேடம் செய்யணும்?” என்றாள். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

சுகிர்தம் பொறுமைசாலி. தூளித் துணி மாதிரி தொங்க வேண்டிய தசைகள், வருடக்கணக்காக அடக்கியதாலும் பயத்தாலும் இறுகிப்போயிருக்கின்றன என்றார். மூச்சை வயிறு வரை இறக்கச் சொல்லிக்கொடுத்தார். “பல்ல எதுக்குக் கடிக்கிய? மேல கடிச்சா கீழயும் இறுகும்லா” என்றார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். “பிள்ளைக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன். வலி குறையும், பயம் குறையும். அதுக்கு மேல உடம்பு பாத்துக்கிடணும்.”

அன்றிலிருந்து சாண்ட்ராவுக்குத் தளர்வதே பெரிய கவலையாகிவிட்டது. மணிக்கொரு முறை போனில் அலாரம் வைத்தாள். அது அடிக்கும்போதெல்லாம் திடுக்கிட்டு இன்னும் இறுகினாள். தினமும் தலைக்குக் குளிக்கிறாள், அதற்கும் ஒரு காரணம் உண்டு. மாமியார் ஈரத் தலையைப் பார்த்தே மாதக்கணக்கை வைத்துக்கொண்டு, “இந்த மாசமும் தலைக்கு ஊத்திக்கினியா?” என்று கேட்கிறவர். தினமும் ஊற்றிக்கொண்டால் அவருக்கு எப்படித் தெரியும்? வருடம் முழுக்க மூக்கை உறிஞ்சிக்கொண்டே திரிகிறாள்.

அவள் கணவன் ஃப்ரெடி துறைமுகத்தில் கிரேனுக்குக் கைகாட்டுகிறவன். கீழே நின்று அவன் காட்டுகிற சைகைக்குத்தான் மேலே இருப்பவர் சுமையை ஏற்றுவார், இறக்குவார். “இன்னாமே, பரீச்சிக்குப் போற மாரி கீற!” என்று முதலில் கிண்டல் செய்தவன், பிறகு அவள் பயிற்சி செய்யும்போது எதிரில் உட்கார ஆரம்பித்தான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டால் ஆள்காட்டி விரலைக் கீழே நீட்டிச் சின்னதாக வட்டம் போடுவான். மெல்ல இறக்கு என்று அர்த்தம். சுகிர்தம் சொன்னதைவிட அந்த விரல்தான் அவளுக்குப் புரிந்தது. நான்கு மாதத்தில் வலி பாதியாகி, பிறகு இல்லாமலே போனது. பாட்டிலைக் காலி செய்தாள். கட்டையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாவது போய் வந்தாள். மூடிகள்கூடத் தப்பித்தன.

போன வியாழக்கிழமை மறுபடி மூடி வாயில் இருந்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. பாட்டில் நிரம்பியே இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் போய் என்ன என்று கேட்டேன்.

“ஒம்போது நாள் தள்ளிப் போயிருக்குக்கா. யாராண்டயும் சொல்லல. அவராண்டகூட.”

“நல்லதுதானே? ஏன் இப்படி இருக்கே?”

“காத்தாலேந்து அடிவயிறு இஸ்து இஸ்து வலிக்கிது. பாத்ரூம் போனா தெரிஞ்சிடும்ல? வந்துட்டிருந்துதுன்னா?” மூடி கடகடவென்று பல்லில் தட்டியது. “அதான் போகாமயே கீறேன்.”

அந்த வலி நல்லதற்கும் இருக்கலாம், கெட்டதற்கும் இருக்கலாம். மணி மூன்றானது. கேட்டிலிருந்து சாலை வரை டிரைலர்கள் நின்றன. அடுத்த வண்டிக்காரர் ஜீஷான் ஹாரனை அழுத்தினார். சாண்ட்ரா அவர் வண்டிச் சீலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூடியை வாயிலிருந்து எடுத்து, துடைத்து, பேனாவில் மாட்டி, தாள்களோடு என் கையில் கொடுத்தாள்.

“இந்த வண்டிய நீ பாருக்கா.”

ஞானதுரை அண்ணனிடம் போய்க் கையை நீட்டினாள். அவர் கட்டையைக் கொடுத்தார். அதை மறைக்காமல் வலது கையில் பிடித்துக்கொண்டு, டிரைவர்கள் நடுவே, எடைமேடையைத் தாண்டி மெதுவாக நடந்தாள். ஹாரன் சத்தம் அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. தொங்கவிட்டிருந்த இடது கையில் ஆள்காட்டி விரல் மட்டும் கீழே நீண்டு, சின்னதாக, மிகச் சின்னதாக வட்டம் போட்டுக்கொண்டே போனது.