அம்மாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அப்பா என்னை ஊருக்குக் கொண்டுபோகத் தீர்மானித்தார். ஊர் என்றால் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்திலிருந்து கடலுக்கு அக்கரையில், நான் கண்ணால் காணாத ஊர். அங்கே தன் அக்கா மகனுக்கு என்னைப் பேசி முடித்துவிட்டார். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுச் செய்கிற வழக்கம் அவருக்கு எப்போதுமே கிடையாது.

அம்மா பலாங்கொடைக் கடை நானாவிடம் போய் நின்றாள். நாங்கள் அரிசியும் கருவாடும் வாங்குகிற முஸ்லிம் கடைக்காரர். அவர் எங்கள் இருவரையும் இரத்தினபுரிக்குக் கூட்டிப்போய் ஒரு புரக்டர் வக்கீல் முன்னால் உட்காரவைத்தார். புரக்டர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, நானா தமிழில் சொன்னார்.

"முறையாக் கல்யாணம் முடிச்சிருந்தா புள்ள தகப்பனுக்குத்தான். கல்யாணமே இல்லாமப் பொறந்த புள்ள தாய்க்கு. ஒங்கட கல்யாணம் பதியல்லதானே?"

"பதியலைங்க. லயத்து மாரியம்மன் கோயில்ல தாலி கட்டுனாருங்க."

புரக்டர் அம்மாவின் கழுத்தைப் பார்த்தார்.

"அத கோர்ட்டுல சொல்ல வேணாமாம். கழுத்துலயும் இருக்க வேணாமாம்," என்றார் நானா.

என்னைத் தன்னிடமே விடச் சொல்லிப் போட்ட வழக்கு நாளன்று காலையில் அம்மா தாலியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டாள். கயிறு கிடந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அப்பா சாட்சி யாரையும் கூட்டிவரவில்லை. ஒரு பொம்பளை நாலு பேர் முன்னால் அப்படிச் சொல்வாள் என்று அந்த மகராசனுக்குத் தோன்றவேயில்லை.

"கல்யாணம் நடக்கலைங்க தொரை. சும்மா சேந்து இருந்தோம்."

கடையில் உப்புக் கேட்கிற குரலில்தான் சொன்னாள். அப்பா அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கோயிலில் தாலி கட்டியதை அவர் சொல்லத்தான் செய்தார்; எடுபடவில்லை. என்னை அம்மாவிடம் விட்டார்கள். அப்பா தனியாகக் கப்பலேறினார்.

லயத்து வரிசைக் காம்பராக்களில் அதற்குப் பிறகு நாங்கள் வேறு சாதிமாதிரி ஆகிப்போனோம். பீலியில் தண்ணீர் பிடிக்க எங்களைக் கடைசியில்தான் விட்டார்கள். என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அப்பா திரும்பி வந்து வழக்கை மறுபடி கிளப்புவார் என்ற பயத்தில் அம்மா தாலியைப் போட்டுக்கொள்ளவே இல்லை.

அவர் வரவில்லை. எனக்குப் பதினாறு வயதில், ஊருக்குப் போய் வந்த கங்காணி அவர் செத்துப்போன செய்தியைக் கொண்டுவந்தார். எங்களை ஒதுக்கிவைத்த அதே பெண்கள் தலையை விரித்துக்கொண்டு எங்கள் காம்பராவுக்கு வந்துவிட்டார்கள். செத்த வீட்டுக்கு வர அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"தாலிய எங்கடி வச்சிருக்க? அறுக்கணுமே," என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி.

அம்மா வெறுங்கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"எனக்குத்தான் கல்யாணமே ஆகலியே. கோர்ட்டுல கேட்டுப் பாருங்க."

கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டாள். நெற்றியில் பொட்டு அப்படியே இருந்தது.

வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நானும் அழவில்லை. அப்பாவுக்காக அழுதால் அம்மா கோர்ட்டில் சொன்னது பொய் என்று ஆகிவிடுமோ என்று பயந்தேன். பிறகு, அழாமலிருப்பது பழகிவிட்டது.