ஏழு வாசல் மடிப்பிச்சை

பிச்சை எடுக்கப் புறப்பட்டவளுக்கு ரயிலில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. காலை ஏழு மணிக்குக் கோலாலம்பூரில் ஏறினோம், நானும் என் அண்ணியும். ஈப்போவுக்கு ஆளுக்கு முப்பத்தாறு ரிங்கிட், இரண்டரை மணி நேரப் பயணம். ஏசி குளிரில் மஞ்சள் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். எதிரே இருந்த சீனப் பெண் "சேலை ரொம்ப அழகு" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எதற்குக் கட்டியிருக்கிறேன் என்று தெரிந்திருந்தால் இடம் மாறி உட்கார்ந்திருப்பாள்.

விஷயம் இதுதான். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை, கிள்ளானில் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். சென்ற ஆண்டு எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். புண்ணில் சீழ் பிடித்து மூன்று மாதம் படுக்கை. குளிப்பாட்டியதும் புண்ணைத் துடைத்துக் கட்டியதும் வாய்விட்டுச் சொல்ல முடியாத வேலைகளையெல்லாம் செய்ததும் சரோஜா அண்ணிதான். பதிலுக்கு நான் என்ன செய்தேன்? ரசத்தில் உப்பில்லை என்றேன். அண்ணி ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். நாங்கள் பெரிய பட்டணத்துக்காரர்களாம்! கல்யாணமாகி வந்த நாளிலேயே அவரைத் 'தோட்டக்காரி' என்று பேசிய வாய் இது. நன்றி சொல்ல வேண்டும் என்று நினைப்பேன், தொண்டை வரை வரும், அப்படியே திரும்பிப் போய்விடும். எட்டு மாதமாக இதே கூத்து.

ஆஸ்பத்திரியில் நான் காய்ச்சலில் பிதற்றிக் கிடந்தபோது, அண்ணி தோட்டத்து மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். நான் பிழைத்தால், அவர் பிறந்த லயத்தின் ஏழு வாசலிலும் நான் முந்தானை ஏந்தி அரிசிப் பிச்சை வாங்கி, அம்மனுக்குப் பொங்கல் வைக்க வேண்டும். நல்ல வேண்டுதல்தான். ஆனால் லயம் எங்கே? ஒரே கூரைக்கடியில் வரிசையாக இருந்த அந்த ஏழு வீட்டையும் இடித்து இருபது வருடம் ஆகிறது. ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்டது. இல்லாத வாசலுக்கு நேர்ந்துகொள்ள என் அண்ணியால்தான் முடியும்.

"எந்த வாசல்ல போயி நிக்கிறது, செம்பனை மரத்துக்கிட்டயா?" என்று எகிறினேன்.

"பூசாரிகிட்ட கேட்டுட்டேன். வீடு போனா என்னா, ஆளுங்க இருக்காங்கல்லன்னாரு. எங்க லயத்து ஆளுங்க எல்லாம் ஒரே வாட்சப் குரூப்லதான் இருக்காங்க. போலாம் வா."

ஒன்பதரைக்கு ஈப்போ. சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள், இடுப்பில் மேகம் கட்டி நிற்கின்றன. வாடகைக் காரோட்டி குமார் தன் சின்ன மைவி காரோடு காத்திருந்தார். நாள் முழுக்க இருநூற்று ஐம்பது ரிங்கிட். ஏழு வாசலும் முடியும்வரை எங்கள் இருவருக்கும் பச்சைத் தண்ணீர் மட்டும்தான். அது தெரியாமல் குமார் நேராக ஒரு காப்பிக் கடை வாசலில் காரை நிறுத்தினார்.

"அக்கா, ஈப்போ வந்துட்டு வெள்ளக் காப்பி குடிக்காமப் போனா பாவம் லா."

"நீங்க குடிங்க தம்பி. நாங்க வாசனைய மட்டும் புடிச்சிக்கிறோம்" என்றேன். இரண்டு ரிங்கிட் எண்பது காசுக் காப்பியை அவர் அணு அணுவாக ரசித்துக் குடித்தார். பாவி மனுஷன்.

முதல் வாசல் ஈப்போவிலேயே, சிலிபினில். இரும்புக் கிராதி, அழைப்பு மணி, குரைக்கிற நாய். லயத்தில் முதல் வீட்டுக்காரரான ராமு அண்ணன் கையில் அரிசிக் கிண்ணத்தோடு தயாராக நின்றார். நான் முந்தானையை ஏந்திப் பேசாமல் நின்றேன். அவரும் பேசாமல் நின்றார். நாய்கூட அடங்கிவிட்டது.

"கேட்டாத்தாம்மா போடணும். கேக்காம வாங்குனா அது பிச்சை இல்ல லா" என்றார்.

அண்ணி என் முதுகில் விரலால் குத்தினார். "வாயத் தொறந்து கேளு."

முப்பது வருடம் அலுவலகத்தில் ஆட்களை அதட்டிய குரல், கொசு போல வெளியே வந்தது. "மாரியாத்தாளுக்கு மடிப்பிச்சை போடுங்கய்யா." அரிசி விழுந்தது. மானம் போய்விடும் என்று பயந்திருந்தேன். ஒன்றும் போகவில்லை.

இரண்டாம் வாசல் அடுத்த தெருவிலேயே முடிந்தது. மூன்றாவது வீட்டுக் கதவில் சிலுவை. மேரி அக்கா அரிசி டின்னையே தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். நான் வசனத்தைத் தொடங்குவதற்குள் கையமர்த்தினார்.

"இங்க பாரு விமலா, சாமிக்குன்னு நான் குடுக்க முடியாது. ஒனக்குன்னு கேளு, அள்ளிக் குடுக்கிறேன். நீ ஆஸ்பத்திரில கெடக்கேன்னு சரோஜா குரூப்ல போட்டப்பவே ஒனக்கு ஜெபம் பண்ண ஆரம்பிச்சேன்."

என் பேர் இவருக்கு எப்படித் தெரியும் என்று முதலில் திகைத்தேன். முன்பின் பார்க்காத மனுஷி, எனக்காக மண்டியிட்டிருக்கிறார். "எனக்குப் போடுங்கக்கா" என்று கேட்டேன். அம்மன் பேரைச் சொல்லிக் கேட்பதைவிட அது கஷ்டமாக இருந்தது.

ஒன்றே கால் மணிக்குக் கமுந்திங். ஈப்போவிலிருந்து எழுபது கிலோமீட்டர், வழியெல்லாம் பச்சை மலை, தைப்பிங்கை நெருங்கும்போதே மழை. நான்காம் வாசல் அடுக்குமாடியின் நாலாவது மாடியில். லிப்ட் வேலை செய்யவில்லை. வெட்டுப்பட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். தொழிற்சாலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் முருகன் என்பவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"நைட் ஷிப்ட் முடிஞ்சி வந்து தூங்கலக்கா. நீங்க வாரப்ப வாசல் மூடியிருக்கக் கூடாதுல்ல."

எத்தனை பெரிய மனசு! கிள்ளானில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் பேர்கூட எனக்குத் தெரியாது. அது அவர் தப்பில்லை.

ஐந்தாவது வாசலும் கமுந்திங்கிலேயே முடிந்தது. காரில் ஏறியதும் அண்ணியிடம் பட்டியலைக் கேட்டேன். இன்னும் ஒரு பேர்தான் இருந்தது.

"ஆறுதானே வருது, அண்ணி. ஏழாவது வீடு யாரோடது?"

"அங்க போயிப் பாத்துக்கலாம்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றரைக்கு ஆயர் தாவார். ஆறாம் வாசலில், சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அக்கா அரிசியோடு பொங்கலுக்கு வெல்லமும் தந்தார். அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர் செம்மண் பாதை. இரு பக்கமும் செம்பனை, நடுவில் சின்னதாக மாரியம்மன் கோயில். லயம் இருந்ததற்கு ஒரே சாட்சி, புல்லுக்குள் நீளமாக ஓடும் சிமெண்டு வாய்க்காலும் அதன் ஓரத்தில் மிஞ்சிய ஏழு வாசற்படிகளும்.

அண்ணி செருப்பைக் கழற்றினார். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். எங்கள் வீட்டு அரிசி டப்பா, கிள்ளானிலிருந்து கொண்டுவந்திருக்கிறார். கடைசி வாசற்படியில் ஏறி என்னைப் பார்த்து நின்றார்.

"இது எங்க வீடு" என்றார்.

நான் கீழே நின்றேன். முந்தானையில் ஆறு வீட்டு அரிசி கனத்தது. கேட்காமல் வாங்கினால் பிச்சை இல்லை என்று ராமு அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. மூன்று மாதம் இந்தக் கையிடமிருந்து கேட்காமலே எல்லாவற்றையும் வாங்கியிருக்கிறேன், அதிகாரமாக. முந்தானையை உயர்த்தினேன்.

"தோட்டக்காரின்னு பேசுனேன், அண்ணி. மன்னிச்சிருங்க. நீங்க இல்லாட்டி நான் செத்திருப்பேன். எனக்கு..." குரல் உடைந்துவிட்டது. "எனக்குப் பிச்சை போடுங்க, தாயே."

அண்ணி இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார். அவர் கண்ணீரும் சேர்ந்துதான் விழுந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போதும் லா, அரிசி நனைஞ்சிரும். போயி வெறகு பொறுக்கு, பசி உயிர் போவுது" என்றார்.

ஐந்து மணிக்குப் பொங்கல் பொங்கியது. குமாருக்கும் ஒரு இலை போட்டோம். அவர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் மதியம் கிள்ளானில், எங்கள் சாப்பாட்டு மேசையில், அண்ணி ரசம் ஊற்றினார். வழக்கம் போல உப்பு குறைவு. சோற்றோடு கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டு முடித்து, தட்டை இரண்டு கையாலும் ஏந்தினேன்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க, அண்ணி."