சாயம் என்றால் எந்தச் சாயம்

ஆய்வகத்தில் என் மருமகளுக்கு வைத்த பெயர் ஆமை. எதையும் நிதானமாகத்தான் செய்வாள். வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவினாலும் முகர்ந்து பார்த்து மறுபடி கழுவுவாள். அந்த நிதானத்துக்காகத்தான் அவளை அங்கே வைத்திருக்கிறார்கள் என்பேன். யார் மறுத்தாலும் கேட்கமாட்டேன்.

டிஎன்ஏ துண்டுகளை ஓடவிட்டு அளப்பது அவள் வேலை. வழுவழுவென்று உறைந்த ஜெல்லில் ஒரு ஓரமாகக் குழிகள் இருக்கும். பெயர் எழுதிய சின்னக் குழாயிலிருந்து துண்டுகளை எடுத்துக் குழியில் விட்டு மின்சாரம் பாய்ச்சினால் சின்னது முன்னே ஓடும், பெரியது பின்தங்கும். பக்கத்துக் குழியில் அளவு தெரிந்த துண்டுகளும் ஓடும். அதோடு ஒப்பிட்டு அளவு சொல்வார்கள்.

அன்று அவள் விட்டது பின்தங்கி, தப்பான இடத்தில் கோடாக நின்றது. "குழாய மாத்திட்டியாம்மா?" என்றார் மேலாளர். முன்பு ஒருத்தி குழாயை மாற்றிவிட்டுத்தான் வேலையை இழந்திருந்தாள். மருமகள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாத்துனியா?" என்றேன்.

"இல்ல அத்தை. குழாய் மேல இருந்த பேரை ரெண்டு தடவை படிச்சுட்டுத்தான் எடுத்தேன்."

"அப்ப மாத்தல. அதையே போய்ச் சொல்லு."

"நம்பணுமே."

"நம்பலேன்னா நான் வர்றேன்."

அதற்குப் பயந்தோ என்னவோ, காலையில் முதல் ஆளாகக் கிளம்பிவிட்டாள். கூட வேலை பார்க்கும் அக்காவிடம் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னாளாம்.

"சாயத்தைத் தாராளமா விடுன்னீங்க. அதான் நீலத்தோட மத்ததையும் விட்டேன்."

"அடிப்பாவி, நான் சொன்னது நீலத்தை மட்டும்."

அங்கே இரண்டு சாயம். நீலத்தோடு சேர்ந்து வரும் கரைசல் டிஎன்ஏவைக் குழிக்குள் அமிழ்த்தும். நீலம் டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்ளாது. மற்றது ஒளிரும் சாயம். அது ஏணி மாதிரி இருக்கும் டிஎன்ஏவின் படிகளுக்கு நடுவே செருகிக்கொண்டு, அதை நீட்டிவிடும், மின்சாரம் இழுக்கும் இழுப்பையும் குறைத்துவிடும். அளவுக்கு மீறிப் போனால் துண்டு வேகமாக ஓடாது. ஆகவே ஓடி முடித்த பிறகு போடுவதுதான் அங்கே வழக்கம். ஆனால் இரண்டுக்கும் எல்லோர் வாயிலும் ஒரே பெயர்.

"அதுவும் உன்னை மாதிரி ஊர்ந்திருக்குடி" என்றாளாம் அக்கா.

அதே குழாயிலிருந்து எடுத்து, நீலம் மட்டும் விட்டு ஓடவிட்டார்கள். பிறகு ஒளிரும் சாயத்தில் ஊறவைத்துப் பார்த்தால், கோடு நிற்கவேண்டிய இடத்திலேயே நின்றது.

"குழாய் சரிதான். நல்லவேளை, உன் சாயம் வெளுக்கல" என்றாராம் மேலாளர்.

பேத்தி போனை என் காதில் வைத்தாள். "அத்தை, நீங்க வர வேண்டாம்" என்றாள் மருமகள். குரலில் சிரிப்பு இருந்தது.

நான் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தேன். கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் பசித்தது.