ஆறாத புண்ணின் ஓரம்

வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவதே இருபது வருடமாக அவள் பிழைப்பு. ஒருக்களித்துக் கிடந்த தையல்காரரின் முதுகுப் புண்மேல் கண்ணாடித்தாளை வைத்து, ஓரத்தைப் பேனாவால் வரைந்தாள். போன வாரக் கோட்டிலிருந்து இம்மிகூட நகரவில்லை.

“அளந்துக்கிட்டே இருக்கியே, எப்பம்மா தைக்கப்போற?”

“துணின்னா தச்சிருப்பேன் ஐயா. ஓரத்துச் செல்லு ஒண்ணு ரெண்டாப் பிரிஞ்சாத்தான் தோல் வளரும். உங்க புற்றுநோய் மருந்து அதைத் தடுக்குது.”

“மருந்தை விட்டுட்டா?”

“புண்ணு மூடலாம். ஆனா கட்டியும் அப்படித்தான் பிரிஞ்சு பெருகும்.”



“நாலு மாசமாச்சு. மல்லாந்து படுக்கணும்மா, அது போதும்.”

அவள் கையுறையைக் கழற்றிவிட்டு டாக்டரை அழைத்து, “மருந்தை நிறுத்தணும்னு நீங்களே சொல்லுங்க ஐயா” என்று போனைத் தையல்காரரின் காதருகே பிடித்தாள்.