புள்ளிக் கோட்டுக்குக் கீழே

நெல்லையப்பனுக்கு மலபார் ஹில் பணக்காரர்கள் மேல் ஒருநாளும் பொறாமை வந்ததில்லை. பட்டறை முதலாளி கரீம் பாட்சா பியட் கார் வாங்கியபோதும் வரவில்லை. பொறாமைக்குத் தூரத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. ஒரே பாயில் படுத்து எழுகிற ஆளைத்தான் அது நன்றாகப் பார்க்கும். அவனுக்கு அது வந்தது தன் மனைவி முப்பிடாதி மேல். அதுவும் அவளுக்குத் தெரிந்த முப்பது நாற்பது ஆங்கிலச் சொற்களுக்காக.

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் அவன் கட்டிங் மாஸ்டர். தோலின் மேல் அட்டையை வைத்து, வெள்ளைப் பென்சிலால் புள்ளி புள்ளியாகக் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் கத்தியை இழுக்க வேண்டும். கை பிசகாது. ஆனால் அவனுக்குப் பெருமை அதில் இல்லை. அவன் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். தேறவில்லை; அந்தச் சந்துக்கு அதுவே போதுமாக இருந்தது. ஊரிலிருந்து வரும் கடிதங்களை வாசித்துச் சொல்வான், பதில் எழுதிக் கொடுப்பான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் நாலு பேராவது காகிதத்தோடு நிற்பார்கள். எல்லோருக்கும் அவன் 'வாத்தியார்'.

எண்பத்து மூன்றில் முப்பிடாதி மாதுங்காவில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். பிள்ளைகளுக்கு மூக்கு துடைப்பது, பாத்ரூமுக்குக் கூட்டிப் போவது, தண்ணீர் பாட்டில் நிரப்புவது. அவளுக்குத் தமிழிலேயே கையெழுத்துப் போடுவதோடு சரி. ஆனால் காது இருந்தது. சாயங்காலம் பள்ளிக்கூடத்துச் சொற்கள் அவளோடு கூடவே வீட்டுக்கு வந்தன. முதலில் ரிசஸ், யூனிபார்ம். பிறகு அட்டெண்டன்ஸ், அப்சென்ட் நோட், ரிப்போர்ட் கார்டு. மூன்றாம் வருஷம் லீவிங் சர்டிபிகேட்டுக்கும் போனபைட் சர்டிபிகேட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று, அரிசி களைந்துகொண்டே சொன்னாள். நெல்லையப்பன் கேட்டும் கேட்காதவனாக இருந்தான். அவனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அவளைப் பெரிய அறிவாளி என்று சொல்லிவிட முடியாது. பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டினால் அவளுடைய ஆங்கிலம் நின்றுவிடும். அவள் அதிர்ஷ்டம், சந்துப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக இங்கிலீஷ் மீடியத்தில் சேர ஆரம்பித்த காலம் அது. பள்ளியிலிருந்து வாரம் ஒரு சர்க்குலர் வந்தது. வாசலில் வந்து நிற்கும் நாலு பேரும் இப்போது வேறு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"முப்பிடாதிக்கா இருக்காவளா?" ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு சைனப், மகள் ஆபிதாவையும் ஒரு காகிதத்தையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன காயிதம்? கொண்டா பாப்போம்," என்றான் நெல்லையப்பன்.

"அரே, இது இஸ்கூல் காயிதம் அண்ணாச்சி. அக்கா பாக்கட்டும். ஒங்களுக்கு எதுக்குச் செரமம்?"

முப்பிடாதி ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள். இரண்டாம் வகுப்பு ஆபிதா அர்த்தம் தெரியாமல் வார்த்தை வார்த்தையாக வாசித்தாள். எழுத்துத் தெரியாத முப்பிடாதி அர்த்தம் சொன்னாள்.

"பேரண்ட்ஸ் மீட்டிங். ரெண்டுபேரும் போவணும். ஏ புள்ள, கீழ புள்ளிக் கோடு இருக்கா?"

"இருக்கு, ஆன்ட்டி."

"அப்ப அதுக்குக் கீழ உள்ளத கத்திரிச்சி, வாப்பாட்ட கையெழுத்து வாங்கி, நாளைக்கே டீச்சர்ட்ட குடுத்துரணும். கோட்டுக்கு மேல உள்ளது நமக்கு, கீழ உள்ளது அவுகளுக்கு. அது போய்ச் சேரலன்னா நாம போனாலும் போவாத கணக்குத்தான்."

"பாத்தியளா அண்ணாச்சி," என்று சைனப் சிரித்தாள், "வாத்தியாரு வேலை இப்ப அக்காவுக்கு வந்திட்டு."

நெல்லையப்பனும் சிரித்தான். சிரித்துவிட்டு உள்ளே போய், குடத்தில் தண்ணீர் இல்லை என்று சத்தம் போட்டான். குடத்தில் தண்ணீர் இருந்தது. இன்னொரு நாள் ஆபிதா இல்லாத நேரம் யாரோ சர்க்குலர் கொண்டுவந்தபோது, "நீங்க எழுத்தைக் கூட்டிச் சொல்லுங்க, நான் அர்த்தம் சொல்லுதேன்," என்றாள் முப்பிடாதி அவனிடம். கண் எரிகிறது என்று சொல்லி வெளியே போய்விட்டான். எழுத்து அவனிடம் இருந்தது, பொருள் அவளிடம் இருந்தது. இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் படித்த மாதிரி ஆகியிருக்கும். பாதி ஆளாக இருக்க அவன் மனம் ஒப்பவில்லை.

எண்பத்தாறு ஜனவரியில் மகள் காந்திமதிக்காக சயனில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் விண்ணப்பம் போட்டார்கள். முப்பிடாதி வேலை பார்த்த நர்சரியில் கட்ட வேண்டிய பீஸ் அவர்களுக்கு எட்டாது. சயன் பள்ளி எட்டும், ஆனால் இடம் கிடைப்பது கடினம். சந்துக்குத் தபால்காரர் ஒழுங்காக வராததால் பட்டறை விலாசத்தைக் கொடுத்திருந்தார்கள். பிப்ரவரி ஒன்பதாம் தேதிவாக்கில் கடிதம் அவன் கைக்கு வந்தது.

அவளிடம் காட்டியிருக்கலாம். ஆனால், 'என் மகளின் காகிதத்துக்குக்கூட இவள்தானா உரை சொல்ல வேண்டும்?' என்று தோன்றியது. கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் ஒரு பழைய ஆங்கிலம் - தமிழ் அகராதி வாங்கினான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தோல் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து தேடினான். இன்டர்வியூ, பேரண்ட்ஸ், பர்த் சர்டிபிகேட் எல்லாம் அகப்பட்டன. தேதி இருபது, காலை பத்து மணி. அடியில் ஒரு புள்ளிக் கோடு ஓடியது. அதற்குக் கீழே வெறும் இடம்தான் அதிகம்; நிரப்புவதற்கு இரண்டு வரி. தேட ஒன்றும் இல்லை என்று அகராதியை மூடினான். வாழ்க்கை முழுவதும் புள்ளிக் கோட்டில் கத்தி வைத்த மனிதன், அந்த ஒரு கோட்டை வெட்டாமல் மடித்துப் பைக்குள் வைத்தான்.

"காயிதம் வந்துச்சா?" என்று அவள் கேட்டாள்.

"வந்துச்சு. இருவதாந் தேதி பத்து மணி. எல்லாம் நான் வாசிச்சாச்சு."

"ஆபிதாவ விட்டு ஒருக்க வாசிக்கச் சொல்லட்டா?"

"ஏன், நான் வாசிச்சா ஏறாதோ?"

அவள் திரும்பி அடுப்படிக்குப் போனாள். ரொம்ப நாளைக்குப் பிறகு நெல்லையப்பன் அன்று நிம்மதியாகத் தூங்கினான்.

இருபதாம் தேதி பள்ளி அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் பட்டியலை மேலிருந்து கீழே இரண்டு தடவை பார்த்தாள். காந்திமதி பெயர் இல்லை. கடிதத்தை வாங்கி விரித்தாள். புள்ளிக் கோட்டுக்குக் கீழே உள்ள துண்டு அப்படியே இருந்தது. பதினைந்தாம் தேதிக்குள் அதை அனுப்பியவர்களுக்குத்தான் நேர்காணல் என்று இந்தியில் சொன்னாள்.

முப்பிடாதி அந்தத் துண்டைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அம்மாளிடம் திரும்பினாள்.

"சாரி மேடம். ஸ்லிப்... மை மிஸ்டேக். ஐ ஆயா, நர்சரி ஸ்கூல். மை டாட்டர் ஒன் இன்டர்வியூ. லாஸ்ட். ப்ளீஸ்."

சந்தில் இத்தனை பேர் அவளைப் புகழ்ந்தபோது எரிந்ததைவிட, 'மை மிஸ்டேக்' என்று அவள் சொன்னபோது அவனுக்கு அதிகம் எரிந்தது. தவறைக்கூட அவன் பேரில் வைக்காமல் எடுத்துக்கொண்டாள்.

மதியம் ஒரு மணிக்கு, எல்லோரும் போன பிறகு, அவர்களை உள்ளே கூப்பிட்டார்கள். காந்திமதி ஒரு பாட்டுப் பாடினாள். தலைமை ஆசிரியை அவன் பெயரையும் தொழிலையும் கேட்டாள். சொன்னான். கடைசியில், "வெயிட்டிங் லிஸ்ட்," என்றாள். அது நல்லதா கெட்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை. இப்போதைக்கு இடம் இல்லை என்பதை முப்பிடாதியின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

திரும்பி நடந்து வந்தார்கள். ரயில்வே லைன் ஓரம் வந்ததும் அவள் கேட்டாள்.

"எப்ப வந்துச்சு அந்தக் காயிதம்?"

"பதினோரு நாளாச்சு."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா? நான் கத்துக்கிட்டதெல்லாம் ஒங்ககிட்ட இருந்து புடுங்கிக்கிட்டு வந்ததா?"

உண்மையான பதில் 'ஆமாம்' என்பது. அப்படித்தான் அவன் இத்தனை வருஷம் நினைத்திருந்தான். அவள் வாய்விட்டுக் கேட்டபோது அது அவனுக்கே அபத்தமாகப் பட்டது. ஆனால் அபத்தம் என்று தெரிந்தால் ஒரு உணர்ச்சி போய்விடும் என்று யார் சொன்னது?

மே மாதக் கடைசியில் பள்ளி வாசலில் இறுதிப் பட்டியல் ஒட்டுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அன்று காலை முப்பிடாதி, லீவிலும் பள்ளியைப் பெருக்கித் துடைக்கும் வேலைக்குக் கிளம்பியபடியே சொன்னாள்: "நீங்கதான் போயி பாத்துட்டு வரணும். எனக்கு அந்த எழுத்து தெரியாதுல்லா."

குத்திக் காட்டுகிறாளா என்று அவள் முகத்தைத் தேடினான். அவள் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள்.

அறிவிப்புப் பலகையில் கூட்டம் நெரிந்தது. வெயிட்டிங் லிஸ்டிலிருந்து எடுத்த நாலு பெயர்கள் தனியே இருந்தன. மூன்றாவது காந்திமதி. அவன் விரலை வைத்து எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தான். சந்தோஷத்தோடு கூடவே இன்னொன்றும் வந்தது: இந்தச் செய்தி இப்போது தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. இரவு வரை சொல்லாமல் வைத்திருந்தால் என்ன?

அப்போதுதான் பெயர்களுக்கு அடியில் இரண்டு வரி இருப்பதைப் பார்த்தான். அகராதி வீட்டில் இருந்தது. கையில் இருந்திருந்தால் இந்த முறையும் திறந்திருப்பானோ என்னவோ. சட்டைப் பையில் கிடந்த, பட்டறையின் கறுப்பு அட்டைத் துண்டில், வெள்ளைப் பென்சிலால், அந்த இரண்டு வரியை ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டான். பட்டறைக்குப் போகாமல் நேரே மாதுங்காவுக்கு நடந்தான்.

நர்சரியின் பின்வாசலில், கையில் துடைப்பத்தோடு அவள் வந்தாள்.

"கெடச்சிட்டு," என்றான். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "கீழ ரெண்டு வரி போட்டிருக்கான். வாசிக்கேன், கேளு."

அவன் எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"மெடிக்கல் சர்டிபிகேட் கேக்காவ. திங்கக்கிழமைக்குள்ள ஆபீசுல குடுக்கணுமாம்." கண்ணைத் திறந்தாள். "கீழ புள்ளிக் கோடு ஏதும்..."

"இல்ல," என்றான் நெல்லையப்பன், சற்றுக் கடுப்போடு. "ரெண்டு தடவ பாத்துட்டேன்."