பத்தாம் நம்பர் ராசி

தாடிக்கொம்பு போகிற சாலையில் இருந்த நூல் மில்லில் எனக்குத் திட்டமிடும் வேலை. எந்த மெஷினில் எந்த நூலை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்திப் பராமரிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். வேலையில் சேரும்போது அப்படித்தான் சொன்னார்கள். சேர்ந்த பிறகு யாரும் அதை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

பஞ்சைச் சீவும் கார்டிங் மெஷினில் ஓர் உருளை உண்டு. அதைச் சுற்றிலும் கம்பிப் பற்கள். சாணை பிடித்ததும் கூராக இருக்கும். பஞ்சு ஓட ஓட மழுங்கும். மழுங்கிய பல் பஞ்சைப் பிரிக்காமல் சின்னச் சின்ன முடிச்சாக உருட்டிவிடும். ஆகவே வரிசை எளிது. முதலில் சேலைக்கான எண்பதாம் நம்பர் மெல்லிய நூல், பிறகு நாற்பது, பல் தேய்ந்த பின் தரை துடைக்கும் மாப்புக்குப் போகும் பத்தாம் நம்பர் தடித்த நூல். மாப்பில் முடிச்சு இருந்தால் தரை கோபித்துக்கொள்ளாது. இது புரிய இன்ஜினியரிங் படிக்க வேண்டாம். வெங்காயம் நறுக்கியிருந்தால் போதும்.

எங்கள் முதலாளி மெஷினை மனதார நிறுத்துவது ஆயுத பூஜைக்கு மட்டும். சாணையும் அன்றுதான். ஒரு வருஷம் பூஜைக்குக் கொஞ்சம் முன்னால் ஆத்தூர்ப் பக்கம் தறி வைத்திருந்த ஒருவர் எண்பதாம் நம்பர் கேட்டு வந்திருந்தார். இந்த நூல் நன்றாக அமைந்தால் இனி எங்களிடம்தான் வாங்குவேன் என்றார். எத்தனையோ மாதமாக நாங்கள் தேடிய ஆள்.

மெஷினுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டே மேனேஜர் சொன்னார்: "மொதல்ல பத்தாம் நம்பர்தாம்மா ஓட்டணும். மில்லு தொறந்தன்னைக்கு ஓடுன நூலு. மொதலாளிக்கு ராசி."

"செத்த நேரம் ஓட்டிட்டு மாத்திருவோமா சார்?"

"ராசியில பாதி, முக்கால்னு இருக்கா? கையில இருக்க பத்தாம் நம்பர் பூராம் முடியட்டும்."

பக்கத்தில் பொரி தின்றுகொண்டிருந்த ஃபிட்டர் சிரித்தார். "விடும்மா. இம்புட்டு நைசா சீவுன மாப்பு நம்ம ஊர்லதான் கெடைக்கும்."

எனக்குக் கடவுளோடு சண்டையில்லை. சர்ச்சில் ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிறவள். கடவுள் நூலின் நம்பர் பார்த்து அருள்வார் என்று மட்டும் மறைக்கல்வியில் யாரும் சொல்லித்தரவில்லை.

கூர் முழுவதும் மாப்புக்குப் போனது. தேய்ந்த பல்லில் எண்பது ஓடியது. ஆத்தூர்க்காரர் ஒரு சேலையை எடுத்துவந்து மேனேஜரின் மேசையில் விரித்தார்.

"தடவிப் பாருங்க. சேலையா இது? அம்மை போட்ட மேலு மாதிரி இருக்கு."

மறுபடி சாணை பிடித்துப் புதிதாக ஓட்டித் தரலாம் என்றேன். நடு வருஷத்தில் நிறுத்தினால் அபசகுனம் என்றார் முதலாளி. யாரோ கண் வைத்துவிட்டார்களாம். மெஷினுக்கு முன்னால் பூசணிக்காய் உடைத்தார்கள். நல்ல முற்றிய காய். பற்கள் அப்படியே மழுங்கிக் கிடந்தன. ஆத்தூர்க்காரர் சேலையை மடித்து எடுத்துக்கொண்டு போனார். பிறகு வரவில்லை.

அடுத்த ஆயுத பூஜையில் மேனேஜர் முகமெல்லாம் மலர்ச்சியாக என்னிடம் வந்தார்.

"ஏம்மா, ஒனக்குச் சந்தோஷந்தான? மொதலாளி ஜாதகம் பாத்துட்டாரு. பத்தோட ராசி முடிஞ்சுருச்சாம். இனிமே எண்பதத்தான் மொதல்ல ஓட்டணும்."

"யாருக்கு சார்?"

அவர் ஆர்டர்களைப் புரட்டினார். இரண்டாம் முறையும் புரட்டினார். பற்கள் புதுக் கூரோடு பளபளத்தன. எண்பது கேட்டு ஒருவரும் இல்லை.

"அப்ப பத்தையே போடும்மா" என்றார்.